வீட்டுக்குப் பின்னால் ஐந்தடி

என் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் நான் சட்டையோடுதான் இருந்தேன். யாரும் சொல்லவில்லை. மருமகள் எதிரே வெற்றுடம்போடு உட்காருவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அதற்கு முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு ஹாலில் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்துவிடுவேன்.

கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் எனக்கு இரவு வேலை. சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். காலையில் வீடு திரும்பினாலும் உடம்பு நிற்காது, உள்ளுக்குள் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்தால்தான் கண் சொக்கும். நேராகப் போய்ப் படுத்தால் மதியம் வரை புரண்டுகொண்டே கிடப்பேன். ஆனால் அந்த நேரத்தில் ஹாலில் மருமகள் கணினியோடு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய கம்பெனி பெட்டாலிங் ஜெயாவில். பாதி நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. அவள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். திரையில் தெரிந்துவிடுவேனோ என்று சுவரோரமாகக் குனிந்து போவேன். ஒரு நாள் அப்படிப் போகும்போது கோப்பி சிந்திவிட்டது.

"மாமா, நேரா நடங்க லா. கேமரா ஆஃப்லதான் இருக்கு" என்றாள்.

அதைக் கேட்டு இன்னும் கூச்சமாகிவிட்டது.

தூக்கம் குறையக் குறைய வேலையில் கண் எரிந்தது. ஒரு இரவு, அடுக்கி வைத்த பெட்டிகளில் இடிக்கப் போய், ஒரு சாண் முன்னால் வண்டியை நிறுத்தினேன். மேற்பார்வையாளர் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அடுத்த தடவை பெட்டி இருக்காது, ஆளு இருப்பான்" என்றார். பயந்துபோனேன். எங்கேயாவது உட்கார எனக்கு ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் யாரையாவது இடித்துவிடுவேன்.

முன்வாசலில் மகனின் கார் நின்றது. மிஞ்சியது பின்கட்டு. சமையலறையை நீட்டிக் கட்டிய பிறகு அங்கே ஐந்தடி அகலத்தில் ஒரு சந்துதான் பாக்கி. அதில் துணி துவைக்கும் இயந்திரம், சமையல் கேஸ் தோங், உடைந்த பூச்சட்டிகள், மகன் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய சைக்கிள். ஒரு பக்கம் லோங்காங் என்கிற சாக்கடை, கடைசியில் பின்சந்துக்குத் திறக்கும் இரும்புக் கதவு. லோங்காங்கில் தண்ணீர் தேங்கிக் கொசு வந்துகொண்டே இருக்கும்.

சைக்கிளைக் கொடுத்துவிட்டேன். இயந்திரத்தை மூலைக்குத் தள்ளினேன். லோங்காங்குக்கு ஓட்டை போட்ட மூடி போட்டு, தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரி தரையைச் சரித்துப் பூசினேன். சுவரில் மடக்குப் பலகை ஒன்றை மேசையாக அடித்தேன். கூரை போட, எனக்குப் பழக்கமான வெல்டர் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தவன் சந்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தான். இரண்டு பக்கச் சுவர்களும் விரலில் இடித்தன.

"அண்ணே, இது வீடா, விமானமா? சீட் பெல்ட்டும் மாட்டிடவா?"

முழுக்கத் தகரம் போடச் சொன்னேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரும் பார்க்கக் கூடாது என்பது எனக்கு. "வேணாம்ணே, வெந்துடுவீங்க" என்றான். நான் கேட்கவில்லை. முதல் நாளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கோப்பி ஆறவே இல்லை. துணியும் காயாமல் ஈரவாடை அடித்தது.

"துணியும் காயல, மனுஷனும் உக்கார முடியல. யாருக்குங்க கட்டுனீங்க இத?" என்றாள் மனைவி.

மறுபடியும் தம்பி வந்தான். சிரித்துக்கொண்டேதான் பாதித் தகரத்தைக் கழற்றினான். அந்த இடத்தில் வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடு போட்டு, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்றுக்கு வழிவிட்டான். துணி காயப்போடக் கயிற்றை இழுத்தால் மேலே போகும் கம்பி ஒன்றையும் மாட்டினான். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டுப் பார்த்தேன், முழங்கால் இடித்தது. வரிசையாகப் போட்டேன். ஒரு வாரம் அவற்றை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தேன். உட்கார்ந்த நேரத்தைவிட நகர்த்திய நேரம்தான் அதிகம்.

ஒரு காலை கோப்பியோடு போனேன். மடக்குப் பலகையில் கணினியை வைத்துக்கொண்டு மருமகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஹாலில் சுவர் துளைக்கிறார்களாம், எங்கள் ஹாலில் சத்தம் தாங்கவில்லையாம். நான் திரும்பினேன்.

"மாமா, எங்க போறீங்க? உங்க இடம்தானே இது?"

"இல்லம்மா, நீ வேலையப் பாரு."

சாப்பாட்டுக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மறுநாளும் போனேன். அங்கே தெரிந்தவர்கள் வந்து பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி, இருந்த தூக்கமும் போனது. மூன்றாம் நாள் கடைக்குக் கிளம்பும்போது மனைவி மறித்துக்கொண்டாள்.

"உள்ள போங்க. அவ உங்களுக்கு ஏதோ செஞ்சிருக்கா."

துணிக்கம்பி கீழே இறங்கியிருந்தது. அதில் துவைத்த ஈரத்தோடு எங்கள் பெரிய பூப்போட்ட பெட்ஷீட் சுவருக்குச் சுவர் தொங்கியது. பின்கதவுப் பக்கம் ஒரு நாற்காலி, சமையலறைப் பக்கம் இன்னொன்று. நான் என் பக்கத்துக்குப் போனதும் பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மருமகளின் குரல் வந்தது.

"மாமா, அது உங்க ரூம், இது என் ஆபீஸ். பாஸுக்கு இது வால்பேப்பர் மாதிரி தெரியும். சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க, ரொம்ப சூடா இருக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு பொத்தான்களைக் கழற்றினேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டு மற்றவற்றையும் கழற்றினேன். ஈரத்துணியிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அந்தப் பக்கம் அவள் யாருக்கோ "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்த வண்டியை யாரோ மெல்லப் பின்னால் எடுத்து நிறுத்துவது போலிருந்தது.

கண் விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சமையலறையில் மனைவியும் மருமகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சத்தம்னு பாஸ் கேட்டாரு அத்தை. பேக் லேன்ல லோரி வந்திருக்குன்னு சொல்லிட்டேன்."

"நாளைக்கும் வரும்னு இப்பவே சொல்லி வச்சிடு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்படிக் குறட்டை விட்டிருக்கிறேனே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.