ஆம்னிக்குள் வந்த நாற்றம்

எங்கள் தெருவில் பாண்டிசெல்வி வீட்டுக்கு மூன்று வண்டிகள். மாமனார் விட்டுப்போன டி.வி.எஸ். 50, புருஷன் வீரணன் மில்லுக்குப் போகும் பைக், ஓர் ஆம்னி வேன். ஓடும்போது அவை குடும்பத்துக்குச் சொந்தம். நின்றுவிட்டால் பாண்டிசெல்விக்குச் சொந்தம். எடுத்துப் போகிறவர்கள் பெட்ரோலைக் காலி செய்து கொண்டுவந்து நிறுத்துவார்கள். சீட்டுக்கு அடியில் கோழி எலும்பு கிடக்கும். கூட்டித் தள்ளுவது அவள்தான்.

கிளட்ச் கேபிள் மாற்ற அவளே கற்றுக்கொண்டாள். வேனின் பக்கக் கதவு நகராவிட்டால் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பாள். பின்கதவு தூக்கினால் நிற்காது. முட்டுக்கொடுக்க ஒரு கம்பு வைத்திருந்தாள். இருப்பதிலேயே மொட்டையான டயர்தான் ஸ்டெப்னி. அது பின்பக்கம் ரப்பர் மேட்டுக்கு அடியில் கிடந்தது. அதைப் போட்டு ஓட்டப் பயந்து அவள் தொடுவதே இல்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து பேண்டேஜ் துணிக் கட்டுகளை ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பேக்கிங் ஷெட்டில் இறக்குவது அவள் வேலை. வீரணனுக்கு மில்லில் எப்போதாவதுதான் வேலை என்பதால், அந்தக் குடும்பம் சாப்பிட்டது இந்த லோடில்தான்.

பங்குனிப் பொங்கலுக்கு அதே வேனில் சோழபுரம் பக்கமுள்ள குலசாமி கோயிலுக்குப் போனார்கள். அங்கே வெட்டிய கிடாக்கறி கோயில் எல்லையைத் தாண்டக்கூடாது. மிஞ்சினால் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். இதைக் காவல் காப்பவர் மாமியார் வெள்ளத்தாய். அன்றும் ஒவ்வொருவரின் தூக்குவாளியையும் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறவிட்டார்.

இரண்டொரு நாளில் நாற்றம் தொடங்கியது. பங்குனி வெயிலில் வேனைத் திறந்தாலே குமட்டியது.

“எலி செத்துருக்கும்டி. சாம்பிராணி போடு, போயிரும்” என்றார் வெள்ளத்தாய்.

மெக்கானிக் சோலைராஜ் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சீட்டைத் தூக்கிப் பார்த்தான், இன்ஜின் மூடியைத் திறந்தான், டேஷ்போர்டைக் கழற்றினான்.

“எலியுமில்ல, பல்லியுமில்ல. அக்கா, இத வச்சு எப்படிக்கா சோறு திங்குதிய?”

“இத வச்சுத்தாம்ல திங்கோம்” என்றாள் பாண்டிசெல்வி.

ஷெட் மேனேஜர் ஒரு கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஏம்மா, இது புண்ணுக்குக் கட்டுற துணி. இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா லோடு வேற ஆளுக்குப் போயிரும்.”

அன்றிரவே வேனை பினாயில் ஊற்றிக் கழுவினாள். அடுத்த லோடில், கட்டுகளுக்கு அடியில் புதுத் தார்ப்பாய் வாங்கி விரித்தாள். பாதி வழியில் முன் டயர் பஞ்சர் ஆனது. வேறு வழியில்லை. கட்டுகளைத் தார்ப்பாயோடு ரோட்டோரத்தில் இறக்கிவிட்டு, ரப்பர் மேட்டைத் தூக்கினாள்.

ஸ்டெப்னியின் குழிக்குள் ஒரு துணி மூட்டை. ஊறிக் கறுத்திருந்தது. கம்பால் நெம்பியதும் வாய் பிரிந்து, தொடைக்கறியும் ஈரலும் ஒன்றாகக் குழைந்து, புழு நெளிய வழிந்தது. அவள் ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து பார்த்தபோதுதான் துணியைக் கவனித்தாள். ஊதாப் பூப்போட்ட சேலைக் கிழிசல். அதன் மறுபாதிதான் அவள் வேன் துடைக்கும் துணி. சேலை வெள்ளத்தாயுடையது.

மூட்டையை முள்ளுக்காட்டுக்குள் எறிந்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் கையில் ஊற்றியும் விரலிலிருந்து நாற்றம் போகவில்லை. மொட்டை டயரை மாட்டி, லோடை ஏற்றி ஷெட்டுக்குப் போனாள். மேனேஜர் இந்த முறை கட்டைப் பிரிக்கவே இல்லை. கதவருகே நின்றே வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார். துணி தறிக்குத் திரும்பியது. மறுநாளிலிருந்து அந்த லோடு ஒரு மினி ஆட்டோவில் போனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் பாண்டிசெல்வி வேன் துடைக்கும் துணியை மாமியார் முன்னால் போட்டாள்.

“இதோட மறுபாதி ஸ்டெப்னிக்குள்ள கெடந்துச்சு அத்தை. கறியோட.”

வெள்ளத்தாய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மெதுவாப் பேசுடி. மதுரையில போலீஸ் டூட்டியில கெடக்கானே ஒன் கொழுந்தன் வல்லரசு, அவனுக்கு லீவு குடுக்கல. புள்ளைக்கு ஒரு வாய் எடுத்து வச்சேன். ராத்திரி வாரேன்னான், வரல. வீடு முழுக்க சொந்தக்காரவிய. எப்படி எடுக்க?”

“பொறவாவது சொல்லியிருக்கலாம்லா? எலி எலின்னு என்னைய நாய் மாதிரி மோந்து பாக்க விட்டிய. லோடு போச்சு அத்தை.”

வெள்ளத்தாய் அதைக் காதில் வாங்கவில்லை.

“கறிய எங்கட்டி போட்ட?”

“ரோட்டோரம்.”

“அடிப்பாவி, எல்லைக்கு வெளியவா? சாமி குத்தம் ஆயிருமே! நாளைக்கே கோயிலுக்குப் போகணும். வீரணன்கிட்டச் சொல்லி வேனுக்குப் பெட்ரோல் போட்டு வையி.”

பாண்டிசெல்வி ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சோழபுரத்துக்கு பஸ் போவுது அத்தை. அதுல போங்க.”

வெளியே வந்து ரப்பர் மேட்டை உருவித் தெருமுனைக் குப்பையில் போட்டாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரோடு வேனுக்குள் ஏறி, சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு தகரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.