ஸ்ராங்கு சிரிக்காத படகு

செல்வன் கடலில் சாகவில்லை. அதைச் சொல்லித்தான் எல்லோரும் அவர் மனைவி கிளாராவைத் தேற்றினார்கள். வாலிபத்திலிருந்து ஆழ்கடலில் படகு ஓட்டிய மனிதர், சொந்த வீட்டுக் குளியலறை வாசலில், தோளில் துண்டோடு, "வெந்நீர் போதும் ஏட்டி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கடற்கரையில் உடம்பு கிடைக்காமல், வெறும் படத்தை வைத்துப் பூசை செய்த வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட சாவைக் குறை சொன்னால் அடுக்காது.

கிளாராவின் குறை வேறு. மகன் டெல்வின் கடலில் இருந்தான். அவனும் அப்பாவும் நேருக்கு நேர் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவன் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் அடக்கம் நிற்குமா? அன்று முழுக்க அவள் மனசில் இருந்தது இது ஒன்றுதான்.

ஐஸ் பெட்டி வந்து கூடத்தில் ஓட ஆரம்பித்திருந்தது. அதில் எத்தனை நாள் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் ஊரில் ஒரு உடம்பு அடக்கமாகாமல் இருக்கும்போது அந்தத் துறையிலிருந்து ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்காது. எழுதி வைத்த சட்டமில்லை; ஆனாலும் யாரும் மீறியதில்லை. மீன் பாடு நன்றாக இருந்த நேரம் வேறு. ஒரு நாள் கூடுதலாக வைத்தால் அத்தனை வீட்டு அடுப்பும் அதைத் தாங்க வேண்டும். இதை முதலில் பேசுகிறவர் செல்வன்தான். துபாயிலிருந்து மகன் வரட்டும் என்று யாராவது உடம்பை வைத்துக்கொண்டிருந்தால், "செத்தவனுக்கு அவசரமில்லடே, உள்ளவனுக்குப் பசிக்கும்லா" என்பார். அதே ஆள் இப்போது பெட்டிக்குள் கிடந்தார்.

"நாளைக் கழிச்சு வச்சுக்கிடலாம் மைனி" என்றார் எட்சன். செல்வனோடு வெகுகாலம் ஒரே படகில் இருந்தவர். "ஆன்ஸ்லின் போட்டு இப்ப திரும்பினா அதுக்குள்ள வந்திரும். காத்து எதுத்து அடிச்சா கொஞ்சம் முன்னப்பின்ன ஆவும்."

டெல்வின் போயிருந்த படகுக்கு ஆன்ஸ்லின்தான் ஸ்ராங்கு. ஸ்ராங்கு என்றால் படகை ஓட்டுகிறவன். கரை திரும்புகிற வரைக்கும் தாயும் தகப்பனும் போலீசும் அவன்தான். ஆன்ஸ்லின் தொழில் படித்தது செல்வனிடம்.

வீட்டில் இருந்த செல்வனைப் பார்த்தவர்கள் அவரை ஸ்ராங்கு என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கரைக்கு வந்த மறுநாளே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவார். மகள் லிஜாவுக்குப் பள்ளிக்கூடம் போகத் தலை பின்னிவிடுவார்; வலை முடிகிற கைதானே, சாயங்காலம் வரைக்கும் சடை அவிழாது. டெல்வினைத் தோளில் வைத்துக் குளச்சலுக்கு நடந்தே கொண்டுபோய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, திரும்ப பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் நடந்தே வந்தவர். கிளாராவின் புடவையைக் கொடியில் காயப்போடுவதைப் பார்த்து பக்கத்து வீட்டுப் பெண்கள், "மைனி, உங்க மாப்பிள்ளைய எங்க வீட்டுக்கும் ரெண்டு நாளு அனுப்புங்களேன்" என்பார்கள். "போட்டுல ஏறி அவிய வாயைக் கேளுங்கட்டி, பின்னே சொல்லுங்க" என்பாள் கிளாரா.

படகில் அவர் வேறு ஆள். சிரிக்கமாட்டார். பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். சோறு வெந்தது தப்பு, வேகாதது தப்பு. அவர் போட்டில் போவதற்கு எண்ணெய்ச் சட்டியில் விழலாம் என்று பையன்கள் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே அடுத்த முறையும் அவர் போட்டிலேயே ஏறுவார்கள். ஏறினவர்கள் எல்லோரையும் அவர் உயிரோடு கரையில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. கடலில் இருக்கிறவனுக்கு வீட்டில் சாவு விழுந்தால், சேதி வயர்லெஸ்ஸில் படகு படகாகக் கைமாறி ஸ்ராங்கின் காதுக்குத்தான் முதலில் வரும். சம்பந்தப்பட்டவனிடம் உடனே சொல்ல மாட்டார்கள். கரை தெரியாத இடத்தில் அழுகிறவனை யார் பிடித்து வைப்பது? இளவயதில் எட்சனுக்கு அப்படி ஒரு சேதி வந்தது. அவருடைய கைக்குழந்தை. கரை சேரும் வரைக்கும் செல்வன் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, எட்சனுக்கு நெய்மீன் தலையை எடுத்து வைத்தார், தன் கம்பளியைப் போர்த்திவிட்டார், "நீ உறங்குலே, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கரையில் இறங்கி விஷயம் தெரிந்ததும் எட்சன் முதலில் சொன்னது, "அந்தத் தலையை நான் தின்னேனே" என்பதுதான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. லிஜா பிறந்த சேதி வந்த அன்று செல்வனுக்குத் தலைகால் புரியவில்லை. தானே தேயிலை போட்டு, பக்கத்தில் நின்ற பெர்லின் என்கிற பையன் கையில் கிளாசைக் கொடுத்து, "குடி மக்கா" என்றார். பெர்லின் கிளாசைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, எங்க அம்மையா?"

"என்ன அம்ம? தேயிலையைக் குடிலே."

"மறைக்காதீங்க அண்ணே. எங்க அம்மதானே?"

பெண் பிறந்திருக்கிறது என்று சொல்லியும் அவன் நம்பவில்லை. கரையில் தாய் கூடையோடு நிற்பதைக் கண்ட பிறகுதான் அழுகையை நிறுத்தினான். அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்து, "நான் செத்தாதான் உங்க ஸ்ராங்கு தேயிலை தருவாரோ?" என்று சந்தையில் வைத்துக் கேட்டுவிட்டாள். ஊரே சிரித்தது. செல்வன் சிரிக்கவில்லை. அந்தப் படகில் தன்னுடைய ஒரு நல்ல வார்த்தைக்கு என்ன அர்த்தமாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு படகில் கால் வைத்தால் கடுகடு என்றே இருந்தார். தினமும் ஏசுகிறவன் இன்றும் ஏசினால் வீட்டில் எல்லோரும் சுகம் என்று ஆட்கள் நிம்மதியாக உறங்குவார்கள் அல்லவா. காலம் போகப் போக ஆட்கள் மாறினார்கள். காரணம் தெரிந்தவர்கள் குறைந்து, வாய் மட்டும் மிச்சமாயிற்று.

டெல்வின் ஐடிஐ முடித்துவிட்டு, ஒரு முறை கடலுக்கு வருகிறேன் என்று அப்பாவின் படகில் ஏறியது அந்த வாய்க்கு நடுவில்தான். தோளில் வைத்துச் சுமந்த அப்பாவை எதிர்பார்த்துப் போனவன். வாந்தி எடுத்துச் சோர்ந்து, காவலுக்கு நின்ற இடத்திலேயே சாய்ந்து உறங்கிப் போனான். செல்வன் இரைமீன் கிடந்த வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தார். "அம்மைட்ட பாலு குடிச்சிட்டு வாலே, பின்னே கடலுக்கு வரலாம்." எல்லோரும் சிரித்தார்கள். பிறகாவது பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லவில்லை. கரையில் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து வந்தவன், அடுத்த முறை ஆன்ஸ்லின் படகில் ஏறினான். அன்றிலிருந்து வீட்டில் "அம்ம, அவருட்ட சொல்லு" என்பான். அவர் இந்தப் பக்கமிருந்து, "அவன் சாப்பிட்டானா ஏட்டி?" என்பார்.

மகனிடம் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று கிளாரா ஒரு நாள் அவரிடம் கேட்டாள். மீன் பொரித்துக்கொண்டிருந்தாள், அவர் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மகன்ட்ட மட்டும் சிரிச்சா மத்தவன் என்ன நினைப்பான்? எல்லாருட்டயும் சிரிச்சா ஒருத்தனும் உறங்கமாட்டான். நான் என்ன செய்யட்டும்?"

"இதை அவன்ட்ட சொல்லுங்களேன்."

"சொன்னா, நான் ஏசும்போது அவனுக்குச் சிரிப்பு வரும். மத்தவனுக்குத் தெரிஞ்சு போவும். நீயும் சொல்லாண்டாம்."

அவள் சொல்லவில்லை. ஆனால் போன வருடம் சர்க்கரை முற்றி, காலில் புண் வந்து, செல்வன் கடலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். இனி ஏசுவதற்குப் படகும் இல்லை, மறைப்பதற்குக் காரணமும் இல்லை. மகன் சாப்பிடும்போது அவர் எதிரே வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் தள்ளி வைப்பார். அவன் அதைத் தொடாமல் எழுந்து போய்க் குழாயில் குடிப்பான். கிளாராவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். நாளைக்குச் சொல்லலாம், அவன் கோபமில்லாமல் இருக்கும்போது சொல்லலாம், கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் இருக்கும்போது சொல்லலாம். அப்படியே தள்ளிப் போயிற்று.

அதனால்தான் வயர்லெஸ் அறைக்குக் கிளம்பிய எட்சனை அவள் வாசலில் மறித்தாள்.

"அப்பாவுக்குச் சுகமில்லன்னு சொல்லாண்டாம். இறந்துட்டாவன்னே சொல்லணும்."

"மைனி, கடல்ல நிக்கிறவன்ட்ட அப்படிச் சொல்லமாட்டாவ."

"என் மகன்ட்ட சொல்லணும். அடக்கத்தை நிறுத்தி வைக்கணுமா வேண்டாமான்னு அவன் வாயால சொல்லட்டும். அவன் நிறுத்துன்னு சொன்னா, நான் ஊர்க்காரங்க காலைப் பிடிச்சாவது நிறுத்துதேன்."

எட்சன் போய் அப்படியே சொன்னார். இடையில் இரண்டு படகுகள் சேதியை வாங்கிக் கொடுத்தன. சாயங்காலம் பதில் வந்தது. ஆன்ஸ்லின் தூண்டிலை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டான்.

"டெல்வின் என்ன சொன்னான்?"

எட்சன் தலையைச் சொறிந்தார். "அவன் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னாவ."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்க்காற்று பலமாக இருந்தது. படகு நேரத்துக்கு வராது என்று தெரிந்துவிட்டது. லிஜா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் ஒரு நாளு கேட்டுப் பாருங்க அம்ம. அப்பாவுக்குன்னா யாரும் மாட்டேன்னு சொல்லமாட்டாவ."

"அவனுக்கே வேண்டாம்னா எனக்கு எதுக்கு?" என்றாள் கிளாரா. செத்த பிறகுமா இந்த வீம்பு என்று அவளுக்கு மகன்மேல் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே ஃபாதரிடம், குறித்த நேரத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினாள்.

அடக்கம் நடந்தது. கோயில் மணி அடித்தது, துறைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். செல்வனிடம் திட்டு வாங்காதவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. தலை நரைத்த பெர்லின் குழிப் பக்கத்தில் நின்று விம்மி அழுதார். மறுநாள் விடிய வள்ளங்கள் இறங்கின.

டெல்வின் அன்று காலை வந்தான். வீட்டுக்கென்று படகில் கொடுத்த கறிமீன் பை கையில் தொங்கியது. முற்றத்துப் பந்தலையும், அடுக்கி வைத்த நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"முக்குல ஃபிளெக்ஸ் பாத்தேன்" என்றான். "அப்பா படம் போட்டு கண்ணீர் அஞ்சலின்னு."

கிளாராவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை.

"நீ ஃபிளெக்ஸ் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டியா?"

அவன் பின்னாலேயே மூச்சிரைக்க வந்த ஆன்ஸ்லின் படலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கரையில வச்சு சொல்லலாம்னு இருந்தேன் மைனி. கயிறு கட்டுமுன்ன இவன் குதிச்சு நடந்துட்டான்."

"சொல்லணும்னு சொல்லித்தானே விட்டேன்?"

"அண்ணன் சொல்லித் தந்தது அப்படில்லா. என்ன சேதி வந்தாலும் கரையில வச்சுதான் சொல்லணும், அதுவரைக்கும் தினம் ஏசுற மாதிரி ஏசுன்னு. கியர் கோளாறு, அதான் திரும்புதோம்னு சொல்லி வழி முழுக்க இவனை ஏசிட்டே வந்தேன்."

"அவன் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னாவளே."

"தெரியாதவன் என்ன சொல்லுவான் மைனி?"

கிளாரா ஆன்ஸ்லினை வைது தீர்க்கலாம். ஆனால் செல்வன் அவன் இடத்தில் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

டெல்வின் அடுக்களையில் போய் உட்கார்ந்தான். மீன் பையை இன்னும் கீழே வைக்கவில்லை. அவள்தான் வாங்கித் தொட்டியில் வைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு நாளு வைங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றான். "மொகம் பாக்கணும்னு சொல்லியிருப்பேன்."

பிறகு அவள் சொன்னாள். எட்சனின் குழந்தை, பெர்லினின் தேயிலை, வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் சொன்னது, எல்லாம். அவன் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப, என்னை ஏசின அன்னைக்கெல்லாம் வீட்டுல நீங்க சுகமாத்தான் இருந்தியளா?"

"சுகமாத்தான் மக்கா இருந்தோம்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் போகச் செருப்பை மாட்டினவன் வாசலில் நின்று திரும்பினான்.

"அவரு கடலுக்குப் போறதை நிறுத்தி ஒரு வருசமாச்சு. இதை எனக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமே அம்ம."

அவர் சொல்லவேண்டாம் என்றார், நீ கோபமாக இருந்தாய், நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. கிளாரா ஒன்றையும் எடுக்கவில்லை.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.