டானிபுரூக்கும் எங்கள் மூன்றாவது குடமும்

நான் பைண்டிங் வேலை செய்த அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் சார் ஒருவர் இருந்தார். தாம்பரத்தில் எந்தத் தெரு என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன்.

"அட, தண்ணி லாரிக்கு அடிச்சுக்குவாங்களே, அந்தத் தெருவா? இங்கிலீஷ்ல அதுக்கு டானிபுரூக்னு பேரு" என்று சிரித்தார்.

அயர்லாந்தில் அந்தப் பெயரில் ஓர் ஊராம். வருஷா வருஷம் சந்தை கூடுமாம். குதிரை வாங்க வந்தவர்களும் குடிக்க வந்தவர்களும் யாரை அடிக்கிறோம் என்றே தெரியாமல் அடித்துக்கொள்வார்களாம். பிறகு சந்தையையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் வரைமுறை இல்லாத அடிதடிக்கெல்லாம் அந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை படப்பையிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த இடம் தெரு சரியில்லை என்றுதான் தட்டிப்போனது.

லாரி வருவது செவ்வாயும் வெள்ளியும். அதை நினைத்துத்தான் ஞாயிறு வரச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை லாரி வரவில்லை. தெருவில் குடங்கள் இரண்டு நாளாக வரிசையில் நின்றன. எங்கள் தெருவில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். எங்கள் நீலக் குடம் மூன்றாவது.

ஞாயிறு காலை, வந்தவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கிய நேரம், லாரி ஹாரன் கேட்டது. அடுத்த நிமிஷம் கூச்சல். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"மூடாதீங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

வெளியே எதிர்வீட்டு மீன்காரம்மாவின் குரல்: "ஏம்மே, ஆளு இல்லேன்னா கொடத்த கடாசிருவியா? அந்தக்கா வூட்ல பொண்ணு பாக்க வந்துகீறாங்க. எட்த்த எடத்துல வையி!"

"உனக்கின்னா? உன் கொடமா அது?" இது புதிதாகக் குடிவந்த பெண்.

"ஆமா, என் கொடந்தான். இன்னான்ற இப்போ?"

பத்துக் குரல் சேர்ந்துகொண்டது. ஒரு பிளாஸ்டிக் குடம் உருண்டு போகும் சத்தம். இத்தனை வருஷம் இந்தச் சண்டையை வெறும் இரைச்சலாகத்தான் கேட்டிருந்தேன். யாருக்காக என்று அன்றுதான் காதில் விழுந்தது.

"யாருங்க அந்தம்மா? சொந்தமா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்லீங்க. மீன் விக்கிறவங்க. எதிர்வீடு." என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க தெருவுல என் கொடத்துக்காக ஒருத்தி வாயத் திறக்க மாட்டா" என்றவர், என் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீங்க போய்த் தண்ணி பிடிச்சிட்டு வாங்க சம்பந்தி. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்."

என் மனைவி பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமை புரூஃப் சாருக்கு லட்டு கொடுத்தேன்.

"டானிபுரூக்ல என்ன விசேஷம்?" என்றார்.

"நிச்சயம் ஆயிடுச்சு சார்" என்றேன்.