நிறுத்தாதே என்று நான் சொல்லவில்லை

2006இல் ஒரு மதியம், விழுப்புரத்தில் நான் வழக்கமாகப் பார்க்கும் இருதய டாக்டரம்மா போன் செய்தார்.

"உங்க பவுடர் சாப்பிட்ட ஒருத்தர் இங்க அட்மிட் ஆயிருக்காரு. வந்து பாருங்க."

அப்போது நான் மெடிக்கல் ரெப். வீடு திண்டிவனம், டெரிட்டரி விழுப்புரம் வரை. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை எங்கள் கம்பெனி பாக்கெட்டில் போட்டு விற்பனைக்கு இறக்கியிருந்தது. ஆரஞ்சு வாசனை, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிக்கும், அது ரத்தக்குழாயைத் தளர்த்தும். அதுவரை உண்மை. மாரடைப்பு வந்தவருக்கு அதனால் என்ன நன்மை என்று டிரெய்னிங்கில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

படுக்கையில் இருந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முகையூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் லூர்துசாமி. ஒரு மாரடைப்பில் பிழைத்தவர். இரண்டு மாதம் முன்பு இதே ஆஸ்பத்திரியில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, "இது இன்னா மருந்து சார்?" என்று கேட்டிருந்தார்.

"மருந்தே இல்லீங்க ஐயா, உடம்புல இருக்கிற சத்துதான். ரத்தக்குழாய விரிய வைக்கும்" என்று சொல்லி, சாம்பிளும் கொடுத்தேன்.

அதன்பிறகு கடையில் கேட்டு வாங்கி, விடாமல் குடித்திருக்கிறார். டாக்டர் எழுதிய மாத்திரைகளை நிறுத்திவிட்டார். மறுபடி நெஞ்சுவலி.

"வாங்க சார்" என்றார் என்னைப் பார்த்து. கோபமே இல்லை. அவர் மனைவி எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"மாத்திரைய நிறுத்தச் சொல்லி நான் சொல்லலியேம்மா" என்றேன். அதுதான் முதலில் வாயில் வந்தது. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

"சொல்லலீங்க சார். நிறுத்தாதன்னும் சொல்லலீங்களே" என்றார் அந்த அம்மா. "மாத்திர போட்டா தல சுத்துது, அது கெமிக்கலு, இது சத்துன்னு சொல்லிக்கினே இருந்தாரு. படிச்சவரு நீங்க சொல்லிக்கிறீங்களேன்னு நானும் வுட்டுட்டேன்."

டாக்டரம்மா தன் அறையில் ஒரு ஆய்வுக் கட்டுரையைக் காட்டினார். "மாரடைப்பு வந்தவங்களுக்கு இதைக் கொடுத்துப் பாத்திருக்காங்க. ரத்தக்குழாய்ல முன்னேற்றம் இல்ல. சாப்பிட்டவங்கள்ல சில பேர் இறந்ததால பாதியிலயே நிறுத்திட்டாங்க. இதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா என் பேஷண்டுக்கு வேணாம்."

மேனேஜருக்குப் போன் செய்து கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். "டாக்டர் கேட்டா பேசு. கேக்காதவங்ககிட்ட நீயா எதுக்குப் பேச்ச எடுக்கிற?" என்றார்.

அந்த வாரமே என் லிஸ்டில் இருந்த டாக்டர்கள் எல்லோரிடமும் கட்டுரையின் ஜெராக்ஸைக் கொடுத்தேன். திண்டிவனத்தில் ஒருவர், "எழுதாதீங்கன்னு சொல்ற ரெப்ப இப்பதாம்ப்பா பாக்குறேன்" என்று சிரித்தார். கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதினேன். வேலை போகவில்லை, அடுத்த பிரமோஷன் மட்டும் போயிற்று.

லூர்துசாமி தேறினார். தலைசுற்றலை அவர் டாக்டரிடம் சொன்னதே இல்லை. நான் சொல்லச் சொன்னேன். டாக்டரம்மா ஒரு மாத்திரையின் டோஸைக் குறைத்ததும் சுற்றல் நின்றது. அதன்பிறகு ஒரு வேளைகூட விட்டதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பொருள் ரத்தக்குழாயை என்ன செய்யும் என்று தெரிவது வேறு. அது நோயாளியைக் காப்பாற்றுமா என்று தெரிவது வேறு. இரண்டாவது தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். நமக்கு அது போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை. கேட்டவர் அதை நம்பி வீட்டுக்குப் போகிறார்.