நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

லண்டன் ஆபீசில் சேர்ந்த முதல் வாரம், எனக்கு மேலே இருந்த மிஸ் பார்லோ, "பீல்டில் எத்தனை வருடம் இருந்தீர்கள்?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "ஏழு வயதிலிருந்து. களை பறித்திருக்கிறேன், நாற்று சுமந்திருக்கிறேன்" என்றேன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் புரிந்தது, இவர்கள் பாஷையில் பீல்டு என்றால் வயல் இல்லை. நாம்தான். ஆவூர், கீரமங்கலம், ஆப்பிரிக்காவில் எனக்குப் பெயர் தெரியாத ஊர்கள், எல்லாம் சேர்ந்து இவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒரே பீல்டு.

ஏழை நாடுகளில் கிணறு வெட்டவும் பால்பவுடர் கொடுக்கவும் இங்கே பல தர்ம சங்கங்கள் இருக்கின்றன. எங்கே, எப்படிச் செய்யலாம் என்று அவற்றுக்கு யோசனை சொல்வது எங்கள் ஆபீசின் வேலை. யோசனை சொல்கிறவர் கன்சல்டன்ட். நான் டைப் அடிக்கிறவன். போன மாதம் மிஸ் பார்லோ ஒரு பழைய அறிக்கையைக் கொடுத்து, "புதிதாக அடித்துக் கொடுங்கள், எல்லாச் சங்கங்களுக்கும் மாதிரியாக அனுப்பப் போகிறோம்" என்றார். பிரித்தால், எங்கள் ஊர். எழுதியவர் எங்கள் ஆபீசின் கன்சல்டன்ட் கோல்பர்ன் துரை.

அது பத்து வருடத்துக்கு முன்பு, புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். இரண்டு வருடமாக மழை இல்லை. ஒரு சங்கத்துக்காகக் கிணற்றுக்கு இடம் பார்க்க கோல்பர்ன் ஜீப்பில் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரான நான் அவருக்குத் துபாஷி. ஊரின் பெரிய நிலக்காரர் தன் தோப்பிலேயே இடம் தருவதாகச் சொன்னார். சேரி ஜனங்களையும் கேட்க வேண்டும் என்றார் கோல்பர்ன். நிலக்காரரும் கூடவே வந்து நின்றார். சேரியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சூசையம்மாள் மட்டும் முன்னால் வந்தாள். நடவுக்குப் போகிறவள். எங்கள் மாதா கோயிலில்தான் பூசை காண்பாள், ஆனால் அவள் ஆட்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில்.

"அவுக தோப்புல வெட்டுனா எங்களக் கிட்ட விடமாட்டாக வாத்தியாரே. எங்க கொடம் பட்டாத் தீட்டும்பாக. எங்க பக்கமா வெட்டச் சொல்லுங்க. நான் சொன்னத அப்படியே தொரைகிட்டச் சொல்லுங்க."

கோல்பர்ன் என்னைப் பார்த்தார். நிலக்காரரும் என்னைப் பார்த்தார். அவர் நிலத்தைத்தான் என் அப்பா குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். நான் இங்கிலீஷில், "கிணறு வந்தால் சந்தோஷம் என்கிறாள்" என்றேன். கோல்பர்ன் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னார். தன் பேச்சு எடுபட்டது என்று நினைத்து அவளும் கும்பிட்டாள்.

கிணறு தோப்பில் வந்தது. திறந்த மூன்றாம் நாள் சூசையம்மாள் குடத்தோடு போனாள். குடத்தை உடைத்தார்கள். தடுக்கப் போன அவள் புருஷனின் கையை ஒடித்தார்கள். அந்தக் கை அப்புறம் ஏர் பிடிக்கவில்லை. ஊரில் இதைப் படிப்பவர்களே, கம்பைத் தூக்கியது துரை இல்லை, நம் ஆட்கள். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் கப்பலேறினேன்.

போன மாதம் என் மேஜைக்கு வந்த அந்த அறிக்கையில், "சேரிப் பெண்கள் உட்பட ஊரார் அனைவரும் மனமார ஒப்புக்கொண்டனர்" என்ற வரி. மெஷினிலிருந்து தாளை உருவிக்கொண்டு கோல்பர்ன் அறைக்குப் போனேன்.

"இது பொய். அந்தக் கிணற்றில் அவர்களை ஒரு நாளும் தண்ணீர் எடுக்க விட்டதில்லை."

"அது உங்கள் நாட்டு வழக்கம். அதில் நாங்கள் தலையிடுவது சரியாக இருக்காது" என்றார் நிதானமாக.

"கிணற்றை நிலக்காரர் தோப்பில் வெட்டிக் கொடுத்தீர்களே, அது தலையீடு இல்லையா? அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதானே அவளிடம் கேட்டீர்கள்! ஒரு மத்தியானம் பார்த்துவிட்டு ஊருக்கே புத்தி சொல்வீர்களா?"

அடுத்த அறையில் டைப் சத்தம் நின்றது. கோல்பர்ன் பேனாவை மூடி வைத்தார். "நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன். அவள் உண்மையில் என்ன சொன்னாள்?"

பத்து வருடம் கழித்து மொழிபெயர்த்தேன், ஒரு சொல் விடாமல். கேட்டு முடித்ததும் அவர், "அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம்" என்றார்.

பக்கத்தை! நடந்ததை எழுதாவிட்டால் இதை அடிக்க மாட்டேன் என்று தாளை அவர் மேஜையில் போட்டுவிட்டு வந்தேன். வேறொருத்தி அடித்தாள். ஒரு பக்கம் குறைந்த அந்த அறிக்கை இப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே சூசையம்மாளுக்கு, என் பொய் உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். யாரோ எழுதிக் கொடுத்த பதில் வந்தது. "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ஒங்க மூஞ்சில காறித் துப்பியிருப்பேன். இப்ப எங்க பக்கம் கெணறு கேட்டுக் கலெக்டருக்கு மனுப் போடுறோம். நடந்ததுக்குச் சாட்சியாக் கையெழுத்துப் போடுங்க. போட்டா ஒங்கப்பாவுக்குக் குத்தகை போயிரும். யோசிச்சுக்கங்க."

மனுவும் உறைக்குள்ளேயே இருந்தது. வரிசையாகக் கைநாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊர்ப் பெயர். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்குத் தனியாக எழுதினேன். என் பெயருக்கு எதிரே ஊர் என்ற இடத்தில் முதலில் லண்டன் என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன். அவர்கள் போட்டிருந்த அதே ஊர்ப் பெயருக்குக் கீழே என்னுடையதையும் பார்க்க எனக்கே கூசியது. அடித்த லண்டனும் ஊர்ப் பெயரும் அப்படியே இருக்க, உறையை ஒட்டினேன்.