வாய் கட்டிய மணி

நாக்கில் கைக்குட்டை சுற்றிய அந்தப் பித்தளை மணியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வந்துவிடும். சுற்றியவர் என் கணவர். யோசனை சொன்னவள் நான். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், யாராவது சாகக் கிடந்தால் மாதா கோயில் சுவாமியார் நற்கருணை அப்பம் ஏந்தி நடந்து வருவார். அவருக்கு முன்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டு வருவார். சத்தம் கேட்டதும் எல்லாரும் வாசலுக்கு வந்து முழங்காலில் நிற்பது வழக்கம். மணி எந்த வீட்டுப் படியில் ஓய்கிறதோ, அந்த வீட்டில் ஆள் பிழைக்கமாட்டார் என்று ஒழுங்கை முழுக்க விளங்கிவிடும்.

என் கணவரின் தகப்பனாருக்கு வயிற்றில் கட்டி. கொச்சிக்கடையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் கிளாக்கராக இருந்து ஓய்ந்தவர். டொக்டர் கையை விரித்துவிட்டார். அதை அவரிடம் சொல்ல எங்கள் ஒருவருக்கும் வாய் வரவில்லை. "வாற கிழமை எழும்பி நடப்பீங்கள் மாமா" என்று கஞ்சி கொடுக்கும்போது நான் அளப்பேன். "ஓம் பிள்ளை" என்பார். பொய் சொல்லிச் சொல்லி வீடே களைத்துப் போயிருந்தது. சாகுமுன் சுவாமியார் மந்திரித்த எண்ணெய் பூசும் 'அவஸ்தைப் பூசுதல்' கிடைக்காமலே போய்விடுவாரோ என்று ஒரு பயம். மணிச் சத்தத்தைக் கேட்ட அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடுமோ என்று இன்னொரு பயம். அதற்குத்தான் இந்தக் கைக்குட்டை. சுவாமியாருக்கு இது பிடிக்கவில்லை; ஆனாலும் என் கண்ணீரைப் பார்த்துச் சம்மதித்தார்.

ஓசைப்படாமல் அறைக்குள் வந்தார்கள். மாமா கண்ணைத் திறந்து சுவாமியாரைப் பார்த்தார். பிறகு மணிக்காரரின் கையைப் பார்த்தார்.

"இந்த ஒழுங்கையில எத்தினை பேருக்கு நான் முழங்காலில நிண்டனான் சுவாமி! எனக்கெண்டு வரேக்க மட்டும் ஏன் கள்ளர் மாதிரி வாறீங்கள்?"

எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும் பிள்ளை. நீங்கள் பயந்திடுவீங்களெண்டுதான் ஒண்டும் கதைக்கேல்ல."

சுவாமியார் தாமே கைக்குட்டையை அவிழ்த்து என் கணவரிடம் கொடுத்தார். ஒழுங்கை முனைக்குத் திரும்பிப் போய், மணி கணீரென்று ஒலிக்க மறுபடி நடந்து வந்தார். வீட்டுக்கு வீடு சனம் முழங்காலில் நின்றது. மாமாவோடு தினமும் தேத்தண்ணி குடிக்கும் முன்வீட்டு முஸ்லிம் முதலாளியும் கடையை விட்டு இறங்கித் தலை குனிந்து நின்றார். தலையணைகளில் சாய்ந்திருந்த மாமா, கலியாண வீட்டுக்காரர் போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் யார் போகிறார்கள் என்று பக்கத்துக் கட்டிலுக்கே தெரிவதில்லை.

எல்லாம் முடிந்து சுவாமியார் போன பிறகு என் கணவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்குதா அப்பா?"

"இருந்தது தம்பி. சாகிறதைவிட, இந்த வீட்டில அதைக் கதைக்க ஒருத்தரும் இல்லையெண்டதுதான் பயமா இருந்தது."

அடுத்த கிழமை அவர் மகனின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். ஆனால் நாங்கள் அழுது தீர்த்தது சுவாமியார் வந்துபோன அந்தப் பின்னேரம்தான். அவரும் எங்களோடு சேர்ந்து அழுதார். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குப் பிறகு ஒருநாளும் அழுததில்லை.