நான் பார்க்காத பார்வை

திரையில் என் முகம் அசையாமல் நின்றது. கருங்கல் ஊரின் சந்தைக்குப் போகும் வழியில், உரக்கடை ஒன்றின் மாடியில், வீடியோக்காரர் தன் கணினிக்கு முன்னால் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். மகளின் கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. "சாரே, இதை மட்டும் ஒருக்கா பாருங்க" என்று ஒரு பொத்தானைத் தட்டினார். மணமேடையில் நிற்கும் என் முகம், மிக அருகில், கண் கலங்கி. அடுத்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் என் அண்ணன். மீண்டும் என் முகம். நாதஸ்வரம் மெல்ல அடங்கி, பின்னணியில் வயலின் ஒன்று இழைந்தது. மொத்தம் பத்து விநாடி இருக்கும். அதற்குள் நான் மனம் உடைந்து, பதினோரு வருடப் பகைக்காக அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டிருந்தேன். கேட்ட விஷயம் எனக்குத்தான் தெரியாது.

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். எந்த மனுவோடு எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை. துணை வட்டாட்சியராக இருந்தபோது திருவட்டாற்றிலிருந்து அண்ணனின் பட்டா மாறுதல் மனு என் மேசைக்கு வந்தது. அப்பாவின் பெயரில் இருந்த ரப்பர் தோட்டம். எல்லாம் சரியாக இருந்தது, அப்பாவின் இறப்புச் சான்றிதழைத் தவிர. குறையைச் சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்குமாறு எழுதி, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் அண்ணன் அந்த உறையோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"அப்பன் செத்ததுக்கு எங்கிட்ட ஆதாரம் கேக்கியாலே? சுடுகாட்டுல எனக்கப் பக்கத்துல நின்னது யாரு?"

"நின்னது நான்தான். நான் நின்னதைக் கோப்புல வைக்க முடியாதே" என்றேன். எழுத்தர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நல்ல பதில் என்றுதான் அப்போது நினைத்தேன். உறவினரின் கோப்பு வந்தால் அதை வேறொரு அலுவலரிடம் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு நடைமுறை உண்டு. அத்தனையும் தெரிந்த எனக்கு அன்று அது ஒன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை. அதன் பிறகு அண்ணன் என் வீட்டுப் படி ஏறவில்லை, என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. 

கல்யாணத்துக்கு அவரை நேரில் போய் அழைத்தது என் மனைவி. முறைப்படி நான் போயிருக்க வேண்டும். நான் அந்த நேரத்தில் வீடியோக்காரருக்கு எதையெதை எடுக்க வேண்டும் என்று எண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார். அவர் வந்ததே மறுநாள்தான் எனக்குத் தெரியும் என்று உறவுக்காரர்களிடம் சொல்லியிருந்தேன்.

"தம்பி, இது நடக்கல்ல" என்றேன் வீடியோக்காரரிடம். "நான் அப்போ பாத்தது பந்தி நடக்குத எடத்தை. எல போட்டாச்சான்னு பாத்தேன். கண்ணு கலங்கினது உம்ம லைட்டால. கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு அப்போ ஒரு மாசம்கூட ஆகியிருக்கல்ல எனக்கு."

"தெரியும் சாரே" என்றார் அவர், கொஞ்சமும் வெட்கப்படாமல். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர், பொறுமைசாலி. அதே முகத்தை எடுத்து, அதற்குப் பின்னால் சாம்பார் வாளியோடு போகும் ஒருவரின் காட்சியை ஒட்டினார். திரையில் நான் பசியோடு இருந்தேன். வாளியை நீக்கிவிட்டு மகள் அழும் காட்சியை வைத்தார். இப்போது நான் மகளைப் பிரிய முடியாமல் தவிக்கும் தகப்பன். பிறகு அண்ணனை வைத்தார். "மொகம் ஒண்ணுதான் சாரே. அடுத்தாப்புல எதை வெக்கிறோமோ அதுதான் மொகத்துல ஏறும்."

பிறகு நேரக் கணக்கைச் சொன்னார். என் முகம் இரண்டு விநாடி நின்றால் சும்மா பார்த்தது போல இருக்கும். நான்கு விநாடி நின்றால் வலி தெரியும். ஆறு ஆகிவிட்டால் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். அண்ணனைக் கிட்டத்தில் காட்டாமல் தூரத்திலிருந்து காட்டியது, இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள் தெரிய வேண்டும் என்பதற்காக. கொட்டுமேளச் சத்தத்தை நிறுத்தியதும், அந்தக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பது போல ஆகிவிட்டது. எங்கள் துறையில் இதற்கு ஆவணத்தைத் திருத்துதல் என்று பெயர், வேலை போகும். அதைச் சொன்னேன்.

"அது சரி, அவரு எனக்க அண்ணன்னு உமக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குல்லா."

அந்த இடத்தை நீக்கிவிடச் சொன்னேன். "நீக்கிரலாம் சாரே. ஆனா போன கிழமையே ஒரு பென்டிரைவ் திருவட்டாறுக்குப் போயாச்சு. உங்க மவதான் வாங்கிட்டுப் போனாங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் குரல் கேட்டது. "ஏலே, இருக்கியா?" பதினோரு வருடம் கழித்து அண்ணன் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். "படம் பாத்தேன். கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. தேயிலைத் தண்ணீர் குடித்தார், மழையைப் பற்றியும் ரப்பர் மரங்களுக்கு வந்த நோயைப் பற்றியும் பேசினார். மதியம் சாப்பிடச் சொன்னபோது, வயிறு சரியில்லை என்று கிளம்பிவிட்டார். அதிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். பன்னிரண்டரைக்கு எழுந்துவிடுவார். ஒரு நாள் விரதம், ஒரு நாள் சர்க்கரை, ஒரு நாள் பஸ். ஒவ்வொன்றும் முறையான காரணம். எதையும் நான் நிராகரிக்க முடியாது. ஆனால் ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட என் வீட்டில் அவர் சோற்றில் கை வைக்கவில்லை. பகை முடிந்துவிட்டது என்று ஊர் சொன்னது. முடியவில்லை என்று எனக்கும் அவருக்கும் தெரியும். வயது அவருக்கு எழுபத்தாறு. போன மாதம் அவர் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்தபோது, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"அண்ணே, அந்தப் படத்துல நான் உங்களைப் பாக்கிற மாதிரி வருதே, அது நெசம் இல்ல. வீடியோக்காரரு ஒட்டினது."

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். "தெரியாதாக்கும் எனக்கு? ஒனக்க மூஞ்சியை ரெண்டு மணிக்கூர் பாத்துட்டு இருந்தவன்லே நான். நீ ஒருக்காகூடத் திரும்பல்ல."

"பின்னே ஏன் வீட்டுக்கு வந்தீங்க?"

"ஒனக்கு அப்படியும் ஒரு மொகம் உண்டுன்னு அதுலதான் கண்டேன். கண்ட பொறவு வீட்டுல இருக்க முடியல்ல."

கருங்கலில் அன்று நடந்ததில் ஒன்றை நான் இதுவரை எழுதவில்லை. அந்த இடத்தை நீக்கச் சொல்லி நான் சண்டை போட்ட பிறகு, வீடியோக்காரர் வெட்டாத முழுக் காட்சியையும் ஓட்டிக் காட்டினார். அதில் என் கழுத்து கடைசி வரிசைப் பக்கம் பாதி திரும்புகிறது, நிற்கிறது, பிறகு பந்தி நடக்கும் பக்கம் போய்விடுகிறது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. "நீங்க பந்தியைப் பாக்கல்ல சாரே. அங்கிட்டுப் பாக்காம இருக்கதுக்குக் கண்ணை வைக்க ஒரு எடம் வேணும்லா, அதாக்கும்" என்றார். நான் படியிறங்கி வந்துவிட்டேன். அவர் செய்தது பொய் அல்ல. நான் வெட்டி எறிந்ததை அவர் ஒட்ட வைத்திருந்தார்.

அதை அண்ணனிடம் சொன்னேன். "நீங்க வந்தது எனக்குத் தெரியும் அண்ணே. தாலி கட்டுறதுக்கு முன்னாலயே இவ காதுல சொல்லிட்டா. தூணுக்குப் பக்கத்துல இருக்கீங்கன்னும் தெரியும். பாத்தா எறங்கி வந்து கூப்பிடணுமே, அதான் பாக்கல்ல. மனுவைத் திருப்பின அந்தக் கடிதத்தையும் நான் எழுதியிருக்கப்பிடாது."

வீடியோக்காரர் இருந்திருந்தால் இந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்தியிருப்பார் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பன்னிரண்டரை ஆயிற்று. முக்கால் ஆயிற்று. அவர் எழவில்லை.

கடைசியில் அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பி என் மனைவியிடம் கேட்டார்: "பிள்ளே, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"தீயலு, அத்தான்."

"செரி, போடு" என்று கை கழுவ எழுந்தார்.